பவுடரைக் கழுவச் சொன்ன போட்டோ

எண்பதுகளின் நடுவுல, அரியலூர்ல காலேஜ் படிச்சப்போ நடந்தது இது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. எங்க தெருவுலேர்ந்து காலேஜுக்குப் போன முதல் பொண்ணு நான்தான். அந்த மிதப்பு வேற!

காலேஜ்ல போட்டோ எடுக்கப் பழகுற பசங்க கொஞ்ச பேரு இருந்தாங்க. வெளிச்சமும் நிழலும் எடுப்பாத் தெரியற மாதிரி ஆளுக்கு ஒரு படம் எடுத்து ஆண்டு விழாவுல மாட்டணும்னு அவங்க சார் சொல்லியிருந்தாரு. அதுல ஒரு சீனியர் அண்ணன் வந்து, "நாளைக்கு உங்களையும் உங்க ஃப்ரெண்டையும் வச்சு ஒரு படம் எடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே கலர்ல தாவணி போட்டுட்டு வாங்க"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. என் தோழி நல்ல செவப்பு, அவளைக் கூப்பிட்டதுல ஆச்சரியமில்ல. நான் கன்னங்கரேல்னு இருப்பேன். என்னையும் கூப்பிட்டாங்களே!

மறுநாள் அம்மா எனக்குத் தலை பின்னி, கனகாம்பரம் வச்சு, பவுடரை அப்பு அப்புன்னு அப்பி அனுப்புச்சு. அந்த அண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "பவுடரைக் கழுவிட்டு வந்துடுங்க"ன்னாரு. தோழியை ஒண்ணும் சொல்லல. பவுடர் இல்லாமலே நாம அழகு போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டு குழாயடிக்கு ஓடினேன் பாருங்க, அந்தக் கூத்தை நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

ஊர் பூரா தம்பட்டம் அடிச்சாச்சு. ஆண்டு விழா அன்னிக்கு அம்மா முந்திரிக்கொட்டை ஒடைக்கிற வேலைய விட்டுட்டு என்கூடக் கெளம்பிருச்சு. ஹாலுக்குள்ள போனா எங்க படத்துக்கு முன்னாலதான் கும்பல். அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

கறுப்பு வெள்ளைப் படம். சுண்ணாம்படிச்ச சுவத்துல சாஞ்சு நிக்கிறோம். அவ முகம் பளிச்சுன்னு இருக்கு. எனக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியுது. கீழ அட்டையில 'பகலும் இரவும்'னு கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சு. எவனோ ஒருத்தன், "பாதி படத்துல கரன்ட் போயிடுச்சுடா"ன்னான். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

பவுடரை ஏன் கழுவச் சொன்னாங்கன்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது. அவமானத்துல ஒடம்பே கூசிப்போச்சு. அதைவிடப் பெரிய பயம், அம்மாவுக்குத் தெரிஞ்சுடக் கூடாதேன்னு. அதுக்குப் படிக்கத் தெரியாது. "என்னடி எழுதியிருக்கு?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல நின்ன தோழிதான் கண்ணு கலங்கிப் போயி, "ரெண்டு தோழிகள்னு எழுதியிருக்குங்கம்மா"ன்னா.

அம்மா சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரு கன்னத்தையும் வழிச்சு நெட்டி முறிச்சுட்டு, "நல்லா இருங்கடி"ன்னுச்சு. அந்த அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

அப்பாடா, அம்மாவுக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு, திரும்பி வர்றப்போ பஸ்ல ஜன்னல் பக்கமே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அம்மா மெதுவாச் சொல்லுச்சு: "அந்தப் புள்ள நல்ல புள்ள. எனக்காக மாத்திப் படிச்சுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அவனுங்க சிரிச்ச சிரிப்புலயே தெரிஞ்சுபோச்சு. அங்கயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்டா நீ நாளையிலேர்ந்து காலேஜுக்குப் போவமாட்டே. அதான் வாய மூடிக்கிட்டேன்"னு சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்குச்சு.

மறுநாள் காலேஜுக்குப் போனேன். படிச்சும் முடிச்சேன். தப்பு என்மேல இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா, நான் ஆசையாக் கூட்டிட்டுப் போய்த்தானே அம்மா அந்தச் சிரிப்பைக் கேக்க வேண்டியதாச்சுன்னு நெனச்சா, இத்தனை வருஷத்துக்கப்புறமும் எனக்குக் கூசிப்போகுது.