நாய்க்கு முடி வெட்டப் போனவன்

நாய்க்கு முடி வெட்டும் எந்தக் கடையிலும் மேசை ஏற மறுத்த ஒரு வேட்டை நாயின் பின்னங்கால் நகங்கள், அம்மாவின் கண்ணீர், அப்பாவின் ஒரு மாத மௌனம், என் தையல் கத்தரியைத் தொடும் உரிமை: என் தம்பி போராடி வென்றவற்றில் இவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதை வென்ற மறுநாளே இழந்தான். துணிக் கத்தரியால் முடி வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பான். பிறகு நகம். விருந்தாளி தலையை ஆட்டி ஆட்டிப் பேசினால், "காதுல அரிப்பு இருக்கான்னு கேளுக்கா" என்று என்னிடம் கிசுகிசுப்பான். அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிவிடுவதும் அவன்தான். பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, "அவ்வளவுதான், அவ்வளவுதான், சமத்து" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவான். முடிந்ததும் ஒரு பிஸ்கட் கொடுப்பான். அப்பா அதைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார். இந்த முறையை அவன் எங்கே கற்றான் என்று அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

தம்பி கணக்குப் படித்தவன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் லாரி அலுவலகத்தில் அவனுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே போடப்பட்ட நாற்காலி. "படிச்சு முடிச்சு என்னத்தடா சிரைக்கப் போற?" என்பது அப்பா வருஷக்கணக்காகக் கேட்டுவந்த கேள்வி. எல்லாத் தகப்பன்மாரையும் போல அவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. ஆனால் தம்பி ஒரு பதில் வைத்திருந்தான்.

"நாய்ங்கப்பா."

நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் பயிற்சியில் அப்போதே சேர்ந்துவிட்டிருந்தான்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் திட்டுவதற்கு வார்த்தைப் பஞ்சம். "நாயே" என்று தொடங்குவார். "எந்த இனம்பா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பான் இவன். "நாய்ப் பொழப்புடா இது" என்றால், "ஆமாப்பா, நல்லாத்தான் போகுது" என்பான். இருப்பிலிருந்த வசவுகள் எல்லாம் தொழில் சம்பந்தப்பட்டவையாகிவிட்டதால், அப்பா ஒரு மாதம் பேசாமலே இருந்தார்.

அம்மா அழுதாள். பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "கால்நடைப் பக்கம் படிக்கிறான்" என்றாள். கேட்டவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா மறுக்கவில்லை. ஒரே வாரத்தில் எதிர்வீட்டம்மா வயிற்றுப்போக்குப் பூனையோடு வாசலில் நின்றார்.

"எனக்கு மருந்து தெரியாதுங்க. வேணும்னா நகம் வெட்டி விடறேன்."

"வயித்தால போறதுக்கு நகம் எதுக்குப்பா வெட்டணும்?"

மருந்தே கொடுக்காத டாக்டர் என்று தெரு முழுக்கப் பெயர் கெட்டது.

அந்தக் கெட்ட பெயர் கடைசியில்தான் கழுத்தைப் பிடித்தது. பயிற்சி முடிவில் ஒரு சோதனை உண்டு. மாணவன் தானே ஒரு நாயைக் கொண்டுவந்து, குளியல் முதல் கடைசிக் கத்தரி வரை ஆசிரியை முன்னால் செய்து காட்ட வேண்டும். தேறாவிட்டால் மறுநாளே மாமாவின் நாற்காலி என்று வீட்டில் பேச்சு. எங்கள் வீட்டில் நாய் இல்லை. தெருவில் எல்லோரும் தரமாட்டோம் என்றார்கள். மிச்சமிருந்தது மாமா வீட்டு வெள்ளைச் சடை நாய் பட்டு ஒன்றுதான்.

"உன் கையில குடுத்து இவளை மொட்டையடிக்கவா?" என்றார் மாமா. "போடா, போய் நாற்காலியத் துடைச்சு வை."

சோதனைக்கு முதல் நாள் மாலை, துண்டில் சுற்றிய பட்டுவோடு அத்தை வந்தாள். பின்னால் மாமா, கட்டைவிரலில் கட்டோடு.

"முடி வெட்டறதுக்கெல்லாம் ஒரு படிப்பான்னு ஆபீஸ் கத்தரிய எடுத்துட்டு உக்காந்தாரு உங்க மாமா" என்றாள் அத்தை, துண்டை விலக்கியபடி. பட்டுவின் முதுகில் ஒரு படிக்கட்டு இறங்கியிருந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் மாமா. "பக்கத்து முடிய இழுத்து மேல போட்டு வாருடா. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் அனுபவத்தில்தான் பேசினார். இடது காதுக்கு மேல் புறப்படும் அவர் முடி, வழுக்கையைக் கடந்து வலது காது வரை நெடுந்தூரம் பயணம் செய்வதை நாங்கள் எல்லோரும் அறிவோம். தம்பி மட்டும் தொழில் முறையில் ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தான்.

பிறகு பட்டுவின் சடையைப் பிரித்துக் காட்டினான். "அடியில கம்பளி மாதிரி இறுகிக் கெடக்கு மாமா. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கிறப்பவும் தோலை இழுக்கும். மொத்தமா எடுத்துடணும்."

"முகத்துல வட்டம், கால்ல குஞ்சம், அதுக்குத்தான் மார்க்குன்னியேடா?" என்றேன்.

"ஆமாக்கா, போயிடும்."

"நாற்காலிடா!"

"இதுக்கு வலிக்குதுக்கா."

மறுநாள் மாமா, நான், "சும்மா வந்தேன்" என்று சொன்ன அப்பா, மூவரும் பயிற்சிக்கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். மற்ற மேசைகளில் நாய்கள் பஞ்சுருண்டைகளாக மலர்ந்துகொண்டிருந்தன. தம்பியின் மேசையில் பட்டு குறைந்துகொண்டே வந்தது. மெஷின் பக்கத்தில் வரும்போதெல்லாம் அது உறுமியது. அவன் நிறுத்திவிட்டு, அது மூச்சு விடும் வரை காத்திருந்து, மறுபடி தொடங்கினான். முடிந்தபோது மேசைமேல் எலியைவிடச் சற்றே பெரிய ஒன்று நின்றது.

"என் நாய் எங்கடா?" என்று மாமா கண்ணாடியைத் தட்டினார்.

கைகளெல்லாம் பழைய கீறல்களோடு ஆசிரியை வந்தார். கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"முக வட்டம் எங்க?"

"இல்லைங்க மேடம்."

"இந்தப் பள்ளம் யாரு வெட்டினது?"

மாமா கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் மறைத்தார்.

"வீட்டுல ஒருத்தர் முயற்சி பண்ணினாங்க மேடம்."

ஆசிரியை கழுத்திலிருந்து வால் வரை எதிர்வாட்டமாகத் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. பின்னங்காலைத் தூக்கினார். எந்தக் கையையும் கடிக்காமல் விடாத பட்டு, கொட்டாவி விட்டது. அதைத் தரையில் இறக்கினார். பட்டு உடம்பை ஒரு முறை உதறிவிட்டு, இழுப்பில்லாமல் அறையின் அந்தக் கோடி வரை ஓடித் திரும்பியது.

அங்கே வேலை முடிந்த நாயின் கழுத்தில் ஒரு சீட்டு கட்டுவார்கள். செய்தவர் பெயர் அதில் இருக்கும். மாணவர்கள் செய்த நாய்கள் அதுவரை ஆசிரியையின் கையெழுத்தோடுதான் வெளியே போயின. அவர் வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"நீயே போடு."

தம்பி கைகளை ஏப்ரனில் துடைத்தான். பட்டுவை இடது கையால் அணைத்துக்கொண்டு, சீட்டை முழங்காலில் வைத்து, முதலில் அப்பாவின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதிப் புள்ளி வைத்தான். பிறகு தன் பெயரை எழுதினான். அடியில் தேதி: நவம்பர் பதினொன்று.