பஸ்ஸில் இரண்டு நீலச் சட்டைகள்

ஓசூரில் சம்பங்கி வேலை பார்த்த கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறம். சேர்ந்த நாளிலிருந்தே அவனுக்குச் சாம்பல்தான். ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாமனார் ஊரில் அவன் பர்மனென்ட். அதற்கென்றே அதே நீலத்தில் துணி எடுத்து ஒரு சட்டை தைத்து வைத்திருந்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் மாற்றிக்கொள்வான். அந்தச் சட்டைக்குத்தான் மாமனார் வீட்டில் நாற்காலி போட்டார்கள்.

2007 தீபாவளிக்குக் கிளம்பி பஸ்ஸில் ஏறியவன் திடுக்கிட்டான். முன் சீட்டில் ஜெகதீஷ், புது மனைவியோடு உட்கார்ந்திருந்தான். அவனும் காண்ட்ராக்ட்தான், சம்பங்கியோடு ஒரே லைனில் நிற்பவன், வாடா போடா என்று பழகுபவன். இப்போது அவன் உடம்பிலும் நீலச் சட்டை!

ஜெகதீஷின் முகம் வெளுத்துவிட்டது. "அடத் திருட்டுப் பயலே" என்று சம்பங்கிக்கு வாய்வரை வந்தது.

"இவரும் உங்க கம்பெனிங்களா?" என்று அந்தப் பெண் புருஷனைக் கேட்டாள்.

சம்பங்கிக்கு மனசு இளகிவிட்டது. கும்பிட்டபடி, "ஆமாங்க. சாரு எங்களுக்கெல்லாம் சீனியர்" என்றான்.

ஜெகதீஷ் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "பரவால்ல, உக்காருப்பா" என்றான்.

லீவு முடிந்து, இருவரும் சாம்பல் சட்டையில் லைனில் நின்றபோதும் அவன் சம்பங்கியை, "வாப்பா" என்றுதான் கூப்பிட்டான்.