மாடியில ஒரு தையல் கடை

யார்கிட்ட எதை எப்படிச் சொன்னா காரியம் நடக்கும்னு மூணு வருஷம் உட்கார்ந்து படிக்கிறதுக்குப் பேரு ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன். இதையே படிச்சு மாட்டிக்கிட்ட மத்தவங்களுக்கு நான் சொல்லப்போறது எதுவும் புதுசா இருக்காது.

என்ன படிப்பு?

புதுச்சேரி லாஸ்பேட்டையில காலேஜ் சேர்ந்த அன்னைக்கே அப்பா கேட்டுட்டாரு. விளம்பரமா, பத்திரிகையான்னு அவருக்குக் குழப்பம். ரெண்டும் இல்லப்பா, ஜனங்க எதைக் கேட்டா மனசு மாறுவாங்கன்னு ஆராய்ச்சி பண்ணணும்னு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ வாயடிக்கிறதுக்கும் காலேஜ் வந்துடுச்சா?"ன்னாரு.

பாரிஸ் வரைக்கும்

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நிஜமான ஒரு க்ளையன்ட் வேணும். உழவர்கரையில எங்க தெருவுக்குப் பக்கத்துல, மாடியில தையல் கடை போட்டிருந்த செல்வி அக்காவைப் பிடிச்சேன். கம்பெனி வேலையை விட்டுட்டு வந்து தொடங்கின கடை. ஈ ஓட்டிக்கிட்டிருந்தாங்க. தீபாவளிக்குள்ள ஆர்டர் வரலன்னா மூடிட்டு, பழைய கம்பெனிக்கே போறதுன்னு முடிவே பண்ணியிருந்தாங்க.

லோகோ போட்டோம், ரீல்ஸ் போட்டோம். லைக்கு கொட்டுச்சு. யாருன்னு பார்த்தா, பாதிப் பேரு பிரான்ஸுக்குப் போய் பாரிஸ்ல செட்டிலான நம்ம ஊர்க்காரங்க. நான் பெருமையா போனைக் காட்டினேன். செல்வி அக்கா பார்த்துட்டு, "சரிம்மா, அங்க இருந்து அளவு ஜாக்கெட்டை யாரு கொண்டாந்து குடுப்பா?"ன்னாங்க.

ஏன் ஏற மாட்டேங்குறாங்க?

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடல. பக்கத்துத் தெருவுக்குக்கூட இந்தக் கடை ஏன் தெரியல? நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு, அதுதான் ஆச்சரியம். அப்புறம் ஏன் பெரிய மார்க்கெட் பக்கம் வரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தைக்கிறாங்க? விசாரிச்சா எல்லாரும் சிரிச்சு மழுப்பினாங்க.

ஆவணியில கல்யாணமான எங்க தெரு கவிதா அக்காதான் கடைசியில வாயைத் திறந்தாங்க. அந்த மாடியில கடைக்கு எதிர்ல, குழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இருக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாடிப்படி. நான் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கேன், அந்த போர்டை ஒரு தடவையும் யோசிச்சுப் பார்த்ததில்ல. "நான் ஏறினா சாயங்காலத்துக்குள்ள என் மாமியார் காதுக்குப் போயிடும். ஜாக்கெட் தைக்கத்தான் போனேன்னு ஊரைக் கூப்பிட்டா சொல்ல முடியும்?"னு கேட்டாங்க.

வைவா

கீழே இருந்த ஜெராக்ஸ் கடை அண்ணன்கிட்ட கெஞ்சி, வாசல் ஓரமா ஒரு மேஜை போட்டோம். துணியும் அளவு ஜாக்கெட்டும் அங்கேயே குடுக்கலாம், தைச்சதை அங்கேயே வாங்கிக்கலாம். யாரும் படி ஏற வேணாம். முதல் ஆளா கவிதா அக்கா வந்தாங்க. அடுத்த வாரத்துல அந்த மேஜை தாங்கல. செல்வி அக்கா கம்பெனிக்குப் போற பேச்சையே விட்டுட்டாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வைவாவுக்கு க்ளையன்டும் வரணும்னு ரூல். கேள்வி கேட்க வந்த சார் என் ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "ஒரு மேஜை போட்டிருக்கீங்க. இதுல கேம்பெயின் எங்க இருக்கு?"ன்னாரு. செல்வி அக்கா எழுந்தாங்க. "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வேலை தலைக்கு மேல கிடக்குது, நான் கிளம்பட்டுமா?"

மார்க்கு சுமார்தான் வந்துச்சு, பட்டமளிப்பு விழாவுக்கு நான் தைக்கக் குடுத்த ஜாக்கெட்டை மட்டும் செல்வி அக்கா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சுக்கிட்டிருக்காங்க.