மீன்தொட்டிக்குச் சின்ன லைட்

கோணல்மாணலான என் எழுத்தைப் படம் பிடித்துப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் எழுதப் பழகினேன்.

இன்று பதுளையில் மீன்தொட்டிக்கு லைட் வாங்கப் போனேன். தொட்டிக்குள் செடி நட்டிருக்கிறேன் என்றதும், கடைக்கார நானா பெரிய லைட்டாக எடுத்து வைத்தார்.

"இதப் போடுங்க ஐயா, செடி காடா வளரும்."

"வேணாம் நானா. சின்னதே போதும். பெரிய லைட்டால என் வேலையே போகப் பாத்துச்சு."

எழுபதுகளில், பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை நாற்று வளர்த்துக்கொண்டிருந்த என்னைத் துரை பங்களா வேலைக்கு எடுத்தார்கள். அங்கேயும் இப்படிச் செடி நட்ட ஒரு மீன்தொட்டி. செடி செத்தால் திரும்ப மலை வேலைக்குத்தான் என்றார் துரைசானி.

பயத்தில் நான் தொட்டிக்கு மேலே இருந்த இரண்டு டியூப் லைட்டையும் அணைக்கவே இல்லை. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. மீனே தெரியவில்லை.

"மீனுக்குக் கீரை கடையிறியாடா?" என்று சிரித்தார் சமையல்கார அண்ணன்.

எனக்குத் தெரிந்தது நாற்று வேலைதான். பாதித் தண்ணீரை மாற்றினேன். இளம் நாற்றுக்கு நிழல் கட்டுவதுபோல், தொட்டியின் கண்ணாடி மூடிமேல் காட்டுத் தழையைப் பரப்பினேன்.

சில நாளில் தண்ணீர் தெளிந்தது. தழையைப் பார்த்த துரைசானி, "இது என்ன நர்சரியா?" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

"அப்புறம் எத்தன நாள் பங்களாவுல இருந்தீங்க?" என்றார் நானா.

"பன்னெண்டு வருஷம்."

பெரிய லைட்டை உள்ளே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துத் தந்தார்.

உங்கள் தொட்டியில் லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது? எழுதுங்கள். பதில் எழுதி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.