கவிழ்த்துப் பார்த்த நாற்காலி

இருபது வருஷம் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் இன்ஜினியராக இருந்தவள் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மெஷின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் எனக்கு ஷிப்ட் முடிவதே தெரியாது. அந்த ஆசையை நம்பி வேலையை விட்டுவிட்டு, நெய்வேலிக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பிளாஸ்டிக் பிரிவு ஆசிரியையாகச் சேர்ந்தேன். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. அவருடைய குவார்ட்டர்ஸிலிருந்து போய்வர வசதியாகவும் இருந்தது. என்னை யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் குதித்தேன். அதனால் இப்போது திட்டுவதற்கும் ஆள் இல்லை.

ஆசிரியை என்றால் பாடம் நடத்துவது என்று நினைத்திருந்தேன். கோடை வந்ததும் பிள்ளை பிடிக்க அனுப்பினார்கள். எங்களைப் போன்ற கல்லூரிகளில் இதுதான் வழக்கம். ஆசிரியர்களே வீடு வீடாகப் போய் அட்மிஷன் கொண்டுவர வேண்டும். போன கோடையில் முதல்வர் கூப்பிட்டு, இந்த முறையும் வகுப்பு நிரம்பாவிட்டால் பிளாஸ்டிக் பிரிவையே மூடிவிடுவோம் என்றார். கணவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். ஐம்பதை நெருங்கும் பெண்ணை எந்தத் தொழிற்சாலையும் திரும்ப எடுக்காது. கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பலாப்பழக் காலம். பண்ருட்டிப் பக்கம் போன வீட்டிலெல்லாம் சுளையை நீட்டினார்கள், பிள்ளையை யாரும் நீட்டவில்லை. பிளாஸ்டிக்கைத்தான் தடை செய்துவிட்டார்களே, அதைப் படித்து என்ன செய்வது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்கள். மற்றவர்கள் கேட்டது ஒன்றுதான். படித்தால் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகுமா? ஆகும் என்று சொல்லச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. நான் அதைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். வீடு திரும்பி, வயிற்று வலியோடு சுருண்டு படுத்துக்கொள்வேன். பலாச்சுளையால் வந்த வலியா என்று கணவர் கேட்பார். ஆமாம் என்பேன்.

அப்படித்தான் ஒரு நாள் குள்ளஞ்சாவடி தாண்டி, ஒரு காலனித் தெருவில் நுழைந்தேன். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர், பெண் பத்தாவது முடித்தவள். அம்மா உள்ளேயிருந்து ஒரு சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். இது தொழில் புத்தி. எந்தப் பிளாஸ்டிக் பொருளைப் பார்த்தாலும் அதன் அடியைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மறு வேலை ஓடும்.

"தொடச்சிட்டுத்தாங்க மேடம் போட்டன்," என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தத் தெருவுக்கு வருகிறவர்களில் யார் உட்காருவார்கள், யார் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள் என்று காலமெல்லாம் பார்த்தவர் அவர். மன்னிப்புக் கேட்டால் இன்னும் அசிங்கமாகிவிடும் என்று பட்டது. தரையில் உட்கார்ந்தேன். கவிழ்ந்த நாற்காலியின் நடுவில் தொப்புள் மாதிரி இருந்த தழும்பைக் காட்டி, உருகிய பிளாஸ்டிக் இந்த ஒரு இடம் வழியாகத்தான் அச்சுக்குள் போகிறது, நான் தேடியது இதைத்தான் என்றேன். பெண் வந்து குந்தி அதைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப கால் வரிக்கும் போறதுக்குள்ள ஆறிடாதுங்களா மேடம்?"

அப்படி ஒரு கேள்வியை என் வகுப்பில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அழுத்தம், சூடு, காற்று வெளியேறும் வழி என்று தெருவே கூடி நின்று பார்க்கப் பேசினேன். கடைசியில் அம்மா பர்மனென்ட் கேள்வியைக் கேட்டார். எனக்கே பர்மனென்ட் இல்லைங்கம்மா, பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். மறுநாளே அப்பா லீவு போட்டுவிட்டு வந்து பெண்ணைச் சேர்த்தார்.

அவள் ஒருத்திதான் சேர்ந்தாள். சேர்க்கை முடிந்ததும் பிரிவை மூடினார்கள். அவளைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றியாயிற்று, நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார் முதல்வர். என் வேலை மாதக் கடைசி வரை.

மறுநாள் பஸ் பிடித்து அந்தக் காலனித் தெருவுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அம்மா அதே சிவப்பு நாற்காலியைத் தூக்கிவந்தார். பெண் அதை வாங்கி, எனக்கு முன்னால் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இங்கதான் உள்ள வருது. மேடம் இததான் அன்னிக்கிப் பாத்தாங்க," என்று அவர்களுக்குக் காட்டினாள். பிறகு நிமிர்த்திப் போட்டு, உக்காருங்க மேடம் என்றாள்.

உட்கார்ந்தேன். கல்லூரி எப்போது திறக்கும் என்று கேட்டாள். கல்லூரி திறக்கும், உன் வகுப்பு இருக்காது என்றேன். அவளைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றியதையும், என் வேலை மாதக் கடைசி வரைதான் என்பதையும் சொன்னேன். பெண் நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் கேட்டார். "அப்ப நீங்க எங்க போவீங்க மேடம்?"

தெரியலைங்கம்மா என்றேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.