சந்தனத்துக்குக் கீழே இருந்த இலக்கம்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் தேநீர்க் கடையில் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிள் பந்தயச் செய்தி பேசித்தான் அந்த அண்ணையோடு பழக்கம். எந்த வீரர் எந்த வளைவில் விழுந்தார் என்பது வரை சொல்வார். அவர் தன் பழைய குரூசர் மோட்டார் சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்னதும், ஆறு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டேன்.

வண்டியின் பிரெஞ்சுப் பதிவுப் பத்திரமான கார்த் கிரீஸை நீட்டி, “வடிவாப் பாரும் தம்பி” என்றார்.

“என்னண்ணை, உங்களை நம்பாமலோ?” என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

நேரே கோயிலுக்குப் போனேன். சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, கைப்பிடிக்குக் கீழே வண்டியின் கழுத்தில் சந்தனம் அப்பினேன்.

மூன்றாம் நாள் சென் தெனியில் பொலிஸ் மறித்தது. பத்திரத்தை வாங்கிய பொலிஸ்காரி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அங்கே பொறித்திருந்த வண்டி இலக்கம் வேறு, பத்திரத்தில் இருந்தது வேறு. களவு வண்டி. வண்டியை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அண்ணையின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

இப்போது தெரிந்தவர் யார் பழைய வண்டி வாங்கினாலும் கூடப்போய், முதலில் குனிந்து அந்த இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுகிறேன். எனக்கு இனி வண்டி இல்லை. பந்தயச் செய்தியைத் தனியே வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும், யாரோடாவது பேசவேண்டும் போலிருக்கும்; அண்ணையின் அந்த வேலை செய்யாத தொலைபேசிக்குத்தான் அழைப்பெடுத்துப் பார்க்கிறேன்.