பதினெட்டு டிகிரிப் பெட்டி

பழ ஈயின் கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பு மூளைக்குள் போய்ச் சரியான அடுக்கில் நிற்க வேண்டும். அதன் மேலிருக்கும் ஒட்டுப் புரதம், தனக்குரிய நரம்பைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம் இல்லாத ஈக்களில் நரம்பு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "ஈ ஓட்டத்தான் நியூஜெர்சி வரைக்கும் போனியாடி?" என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

புரதம் இல்லாவிட்டால் நரம்பு வழி தவறுகிறது என்று லேபில் என் சீனியர், ஒரு சீனப் பெண், ஏற்கெனவே காட்டியிருந்தாள். என் மைக்ராஸ்கோப் படங்களிலோ பாதி மூளைகள் ஒழுங்காக இருந்தன. லேப் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், அவள் முடிவு தவறு என்றேன். தினமும் மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். அன்று முதல் கூப்பிடுவது நின்றுபோயிற்று.

ஈக்களை இறக்கை பார்த்துப் பிரிப்போம். நேர் இறக்கை என்றால் புரதம் இல்லாதது. சுருட்டை என்றால் புரதம் உள்ளது, ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் படங்களுக்கான ஈக்கள் வளர்ந்துகொண்டிருந்தபோது, தீபாவளிக்குப் பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு தமிழ் ஆன்ட்டி அழைத்திருந்தார். நான் வருவதற்குள் ஈக்கள் பொரிந்துவிடக் கூடாதென்று குப்பிகளை, வளர்ச்சியை மெதுவாக்கும் குளிர்ந்த பதினெட்டு டிகிரிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். அங்கே யாரையும் தெரியாமல் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்து, சீக்கிரமே திரும்பினேன். குப்பிகளை வெளியே எடுக்க மறந்துவிட்டேன்; ஈக்கள் அந்தக் குளிரிலேயே வளர்ந்தன.

அடுத்த தொகுதியை வழக்கமான சூட்டில் வளர்த்தபோது சுருட்டை இறக்கைகள் முன்னைவிட ஏராளமாக வந்தன. அப்போதுதான் உறைத்தது. குளிரில் வளர்ந்தால் சுருட்டையும் நேராகிவிடும். நான் ஒழுங்கானவை என்று காட்டிய மூளைகள் புரதம் உள்ள ஈக்களுடையவை.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"எல்லார் முன்னாடியும்தான அவள தப்புன்னு சொன்ன?"

"ஆமாம்மா."

"அப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிடு."

அடுத்த மீட்டிங்கில் சொன்னேன். எந்தப் பெட்டி என்று மட்டும் சீனியர் கேட்டாள். பிறகு ஒரு டேப்பில், சுருட்டை இறக்கை ஈக்களை இங்கே வைக்காதீர்கள் என்று எழுதிப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். என் பெயரை எழுதவில்லை.

மதியம் ஒரு மணி வரை காத்திருந்தேன். அவள் வரவில்லை. தயிர்சாத டப்பாவைத் திறந்தேன்.